காட்டின் மேல் பறந்த குரல்

மட்டாஞ்சேரி,
கொல்லம் 1131 இடவம் 20 (1956 ஜூன்).

தேசாந்தரம் போயிருக்கும் என் பர்த்தாவுக்கு அனந்தலக்ஷ்மி செய்யும் நமஸ்காரம். நானும் குழந்தை காமாக்ஷியும் பகவான் கிருபையால் சௌக்கியம். உங்கள் வயிறு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். மற்ற க்ஷேமமெல்லாம் அதற்கப்புறம்தான்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மழை பிடித்துக்கொண்டுவிட்டதால் தபால்காரன் அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். காலையில் ஓட்டம், பகலில் பாடம், சாயங்காலம் காட்டில் நடை என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரவே ரிக்ஷா தேடுகிற மனுஷரைக் காட்டில் நடக்கவிட்ட அந்த வெள்ளைக்கார வாத்தியாருக்கு என் சார்பில் ஒரு நமஸ்காரம் சொல்லுங்கள்.

இங்கே கோயிலில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி. ஆளைப் பிடிக்கப் படிப்பதற்கு நம்ம இன்ஸ்பெக்டர் மலேயாவுக்கா போகணும் என்று. அவர்களுக்கு நான் ஃபோர்ட் கொச்சிக் கதையைத்தான் சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் செம்பைத் திருடினவன் நாலு தெரு ஓடி ஃபோர்ட் கொச்சிக்குள் காலை வைத்துவிட்டால் அது மதராஸ் ராஜ்யம். இந்தப் பக்கம் நீங்கள் தொப்பியோடு நிற்க, அந்தப் பக்கம் அவன் பீடி பற்றவைப்பான். நீங்கள் மதராஸ் போலீஸுக்குக் காகிதம் எழுதி, அவர்கள் பதில் எழுதுவதற்குள் செம்பு உருகி மணியாகிவிடும். அந்த ஆத்திரத்தில்தானே இரண்டு போலீஸும் கூடிப் பேசி ஆளைப் பிடிக்கும் ஏற்பாட்டை நீங்கள் செய்தீர்கள். நாலு தெருவுக்குச் செய்ததைக் கடலுக்கும் செய் என்று உங்களை அனுப்பிவிட்டார்கள் என்றேன். கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

காரியத்துக்கு வருகிறேன். சுள்ளிக்கல்லில் ஒரு தாயாரைத் தேடிப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்களே, கண்டுபிடித்துவிட்டேன். ராக்கம்மாள் என்று பேர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிறது. புருஷன் இல்லை. பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை போடும் பாண்டிகசாலையில் (அவள் கிட்டங்கி என்கிறாள்) இஞ்சித் தோல் சுரண்டுகிற வேலை. போலீஸ்காரன் போய் நின்றால் பயந்துவிடுவாள் என்று நீங்கள் எழுதியது நிஜம்தான். நான் சுக்கு வாங்குகிற சாக்கில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். உங்கள் இலாகாவுக்கு என் அடுக்களையும் ஒரு ஸ்டேஷன் ஆகிவிட்டது, போங்கள்.

மகன் மலேயாவுக்குப் போனது சுதந்திரம் வந்த வருஷம். ரப்பர்த் தோட்டத்தில் வேலை. கொஞ்ச காலம் கடிதாசு வந்ததாம், பிறகு நின்றுபோயிற்று. செத்தானோ பிழைத்தானோ என்றுகூடத் தெரியாமல் இருக்கிறாள். பேர் என்ன என்று கேட்டால் சிரித்துக்கொண்டு மேலே கையைக் காட்டுகிறாள். என்னடி இது, வானத்துக்குப் பேர் வைத்தாயா என்றேன். "ஏழுமலையான் பேரும்மா. எங்க மாமனார் பேரு. என் வாயால சொல்லப்பிடாது" என்றாள். மாமனார் பேரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டதால் பிறந்ததிலிருந்து அவனை அய்யா என்றுதான் கூப்பிடுவாளாம். நீங்கள் எழுதியிருந்தபடி வெங்கிடாசலமா என்று நான் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். இங்கே நம் கொங்கணித் திருமலைக் கோயில் வாசலில் நின்றால்கூட சாமி பேரைச் சொல்ல மாட்டாளாம். கொங்கணிக்காரர்கள் வெங்கடாசலபதி என்று கோஷம் போடும்போது இவள் மட்டும் ஏழுமலையானே என்பாளாம்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் நான் யோக்கியமா என்ன. போன வாரம் உங்களுக்கு வடாம் பார்சல் அனுப்பத் தபாலாபீஸ் போனபோது, பெறுபவர் பேர் என்ன என்று கிளார்க் கேட்டான். நான் விழிக்க, துணைக்கு வந்து பின்னால் நின்ற உங்கள் ஸ்டேஷன் நாணு ஏட்டு உங்கள் பேரை உரக்கச் சொன்னார். கிளார்க் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

பிறகு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். உன் பிள்ளை உயிரோடு இருக்கிறான், ஆனால் துப்பாக்கி பிடித்த கம்யூனிஸ்ட் கூட்டத்தோடு காட்டில் இருக்கிறான், அந்த ஊர்ச் சர்க்கார் அவர்களைப் பயங்கரவாதிகள் என்கிறது, துப்பாக்கியோடு பிடிபட்டால் தூக்கு, தானாக வெளியே வந்தால் உயிருக்குப் பயமில்லை, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அவனுக்குக் கோழி அறுக்கவே கை வராதே என்றாள். பிறகு, எப்படிம்மா வரச் சொல்லணும், நீங்க சொல்லுங்க, செய்யுதேன் என்றாள். அடையாளத்துக்கு ஒன்று சொன்னாள்: சின்ன வயசில் இஞ்சி சுரண்டும்போது கத்தி வழுக்கி அவனுக்கு இடது உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு உண்டாம்.

வீட்டுக்கு வந்து அவள் பேசியதைக் காமாக்ஷிக்குப் பேசிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். உங்கள் மேலதிகாரி சம்சாரம் மூக்கால் பேசுவதை நான் பேசிக் காட்டி, உங்களுக்குக் காப்பி புரையேறியது ஞாபகம் வந்தது. இந்த வித்தையை வைத்துக்கொண்டு போலீஸ்காரனைக் கட்டிக்கொண்டேனே, நாடகக்காரனைக் கட்டியிருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியோடு உட்காராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அனந்தலக்ஷ்மி


மட்டாஞ்சேரி,
1131 கர்க்கடகம் 9.

என் பர்த்தாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகம். காமாக்ஷிக்கு ஜலதோஷம், கஷாயம் கொடுத்தேன், சரியாகிவிட்டது. தமிழில் அப்பாவுக்கு நாலு வரி எழுதடி என்றால் மலையாள எழுத்தில் தமிழை எழுதுகிறாள். இதோடு வைத்திருக்கிறேன், திட்டாமல் படியுங்கள்.

நீங்கள் அங்கே போன கணக்குக்கு அவர்கள் இங்கே அனுப்பிய மலேயா ஆபீசர் சிவராமகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி. நல்ல பிள்ளையாண்டான். ஈப்போவில் பிறந்து வளர்ந்தவராம், தமிழ்நாட்டையே பார்த்ததில்லையாம், ஆனால் என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறார். அவியலை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீங்கள் அதைத் தொட மாட்டீர்கள் என்றேன்.

ஒரு பெட்டி கொண்டுவந்திருக்கிறார். டேப் ரிக்கார்டர். பேசினால் அதிலுள்ள நாடாவில் குரல் பதிந்துவிடுகிறது. அங்கே விமானத்தின் அடியில் பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டி, காட்டுக்கு மேலே மெதுவாகச் சுற்றவிட்டு, தாயார் பேசியதைப் பிள்ளை கேட்கும்படி செய்வார்களாம். அப்படிக் கேட்டு வெளியே வந்தவர்கள் அநேகம் பேராம். எங்கோ மட்டாஞ்சேரியில் பேசுகிற பேச்சு மலேயாக் காட்டில் மழை மாதிரி கொட்டும் என்றால் நம்பவே முடியவில்லை. நம்ம ராஜ்யமும் அவர்கள் ராஜ்யமும் சேர்ந்து செய்கிற முதல் காரியம் இது, நன்றாக முடிய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஸ்டேஷன் வேண்டாம், நம் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். ராக்கம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பெட்டிக்கு எதற்கடி புடவை தெரியப்போகிறது என்று கேட்டதற்கு, பிள்ளையைப் பார்க்கப் போறேன்ல என்றாள். மழைச் சத்தம் விழாமலிருக்க ஜன்னலையெல்லாம் அடைத்தோம். நாணு ஏட்டு வாசலில் நின்று தெருவில் சைக்கிள் மணி அடித்தவனை எல்லாம் விரட்டினார்.

அவள் பேசியதை எழுதுகிறேன், மாற்றாமல். "அய்யா, ஆத்தா பேசுதேன். சாப்பிட்டியா அய்யா? மழையில நனையாதே, உனக்கு நெஞ்சில சளி கட்டிக்கிடும். கையில இருக்கிறதைக் கீழ போட்டுட்டு வெளிய வந்துரு. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாகளாம், இன்ஸ்பெக்டர் வீட்டம்மா சத்தியம் பண்ணிச் சொல்லுதாக. நீ வந்தா நான் கிட்டங்கிக்குப் போகாம உனக்குக் கப்பைக்கிழங்கு அவிச்சுக் கொடுத்துக்கிட்டு வீட்லயே இருப்பேன். வந்துரு அய்யா." அவ்வளவுதான். பெட்டி ஓடி நின்ற பிறகும், கேட்டுச்சா என்று அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிவராமகிருஷ்ணனும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனால் ஒரு சிக்கல். அவள் பேரே சொல்லவில்லை. காட்டில் எத்தனையோ தமிழர்கள் இருக்கிறார்கள் அம்மா, அய்யா என்றால் எந்த அய்யா, முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தானே அவன் காதைக் கொடுப்பான் என்றார் சிவராமகிருஷ்ணன். வாஸ்தவம்தான் என்று எனக்கும் பட்டது. ராக்கம்மாளோ, தலையை எடுத்தாலும் மாட்டேன் என்றுவிட்டாள். ஆபீசர் தாமே பேரைச் சொல்லிச் சேர்க்கலாமா என்று பார்த்தார். ஆம்பிளைக் குரல், போலீஸ் என்று ஓடிவிடுவான் என்று அவரே கைவிட்டார்.

அவள் போன பிறகு நாணு ஏட்டுதான் வாயைத் திறந்தார். "இவிடத்தெ மாமி ஆரோட சப்தமும் எடுக்குமே ஸார்" என்று, நான் யார் குரலிலும் பேசிக் காட்டுவேன் என்று. நான் முதலில் மாட்டேன் என்றேன். பிறகு ஒரே ஒரு வார்த்தைதானே, ஒரு பிள்ளையின் உயிர் என்று தோன்றியது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, மூன்றாம் தடவை பெட்டியில் கூப்பிட்டேன். "வெங்கிடாசலம்... ஏ வெங்கிடாசலம்" என்று. அதன் பின்னால் ஆபீசர் அவள் பேச்சை ஒட்டிப் போட்டுக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், எது நான், எது அவள் என்று எனக்கே தெரியவில்லை. நாணு ஏட்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நீங்கள் கேட்டிருந்தால் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டிருப்பீர்கள்.

ராக்கம்மாளிடம் இதைச் சொல்லவில்லை. மாமனார் பேரை அவள் குரலில் சொன்னேன் என்று கேட்டால் மனசு கஷ்டப்படுவாள். பிள்ளை வந்து சேரட்டும், அப்புறம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

நாடா விமானத் தபாலில் புறப்பட்டுவிட்டது. உங்கள் கைக்கு வந்ததும் நீங்கள் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். உங்கள் சம்சாரத்தின் குரலைக் கேட்டும் எத்தனை நாளாயிற்று.

இப்படிக்கு,
உங்கள் அனந்தலக்ஷ்மி


மட்டாஞ்சேரி,
1132 கன்னி 14.

என் பர்த்தாவுக்கு நமஸ்காரம். இங்கு க்ஷேமம். ஓணம் வந்து போயிற்று. நவராத்திரிக்குப் பொம்மை இறக்கலாமா, நீங்கள் இல்லாமல் எதற்கு என்று இரண்டு மனசாக இருக்கிறேன்.

விமானம் பறந்தது, இதுவரை யாரும் வரவில்லை என்று ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடு, வகுப்பு, கூட இருப்பவர்கள் என்று முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். இப்போது உங்கள் கடிதம் ஸ்டேஷன் டயரி மாதிரி வருகிறது. எழுத்தும் சாய்ந்து சாய்ந்து போகிறது. உடம்புக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள்.

ராக்கம்மாள் தினமும் வேலை விட்டுப் போகும்போது நம் வாசலில் நின்றுவிட்டுப் போகிறாள். உடம்பெல்லாம் சுக்கு வாசனை. உள்ளே வா என்றால் வர மாட்டாள். சேதி உண்டாம்மா என்று ஒரு கேள்வி. இல்லை என்றால், மழைனால சத்தம் சரியா விழுந்திருக்காது என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விடுவாள். அவனுக்கென்று கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டாளாம். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் பாண்டிகசாலைப் பெண்கள் எல்லோரும் இவளைத்தான் திரும்பிப் பார்க்கிறார்களாம்.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீங்கள் சிரித்தாலும் சரி. நான் அன்றைக்குக் கூப்பிட்டது என் காதை விட்டுப் போகவில்லை. அரிசி களையும்போது, துணி உலர்த்தும்போது, கூடத்தில் நின்று யாரோ அந்தப் பேரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. அது ராக்கம்மாள் குரலும் இல்லை, என் குரலும் இல்லை. நேற்றுக் காமாக்ஷி ஏதோ கேட்டதற்குப் பதில் சொன்னேன், ஏம்மா அந்த ராக்கம்மாள் மாதிரி பேசறே என்றாள். நான் பேசிக் காட்டவே இல்லை. சாதாரணமாகத்தான் பேசினேன்.

ஏன் என்று தெரியவில்லை, நாம் செய்ததில் ஏதோ ஒரு பிசகு இருக்கிறது என்று மனசு அடித்துக்கொள்கிறது. என்ன என்று பிடிபடவில்லை. நீங்கள் பெரிய பெரிய ஆபீசர்களோடு இருக்கிறீர்கள், கேட்டு எழுதுங்கள். இன்னொரு தடவை விமானத்தை அனுப்ப முடியுமானால், முதலில் வரும் அந்தப் பேரை எடுத்துவிட்டு, அவள் பேசியதை மட்டும் போடச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அனந்தலக்ஷ்மி


மட்டாஞ்சேரி,
1132 துலாம் 24.

என் பர்த்தாவுக்கு நமஸ்காரம். காமாக்ஷி சுகம்.

உங்கள் நீண்ட கடிதம் வந்தது. என் கடிதம் உங்களுக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். நீங்கள் எழுதியதை நானும் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுகிறேன், அப்போதாவது மனசில் ஏறுகிறதா பார்க்கலாம்.

வெங்கிடாசலத்தோடு காட்டில் இருந்த ஒருவன் பிறகு சரணடைந்தான். அவனை நீங்கள்தான் தமிழில் விசாரித்தீர்கள். விமானம் வந்தபோது அவர்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்களாம். பேர் கேட்டதும் வெங்கிடாசலம் எழுந்து நின்றானாம். இரண்டாம் தடவை பேர் கேட்டதும் உட்கார்ந்துவிட்டானாம். இது எங்க ஆத்தா இல்லை, எங்க ஆத்தா வாயில அந்தப் பேரு செத்தாலும் வராது, யாரையோ வச்சுப் பேச வச்சிருக்கான் என்றானாம். அதற்குப் பின்னால்தான் சாப்பிட்டியா அய்யா என்று அவள் குரல் வந்தது. அதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதானாம். அழுதுகொண்டே, எப்படிச் செஞ்சிருக்கான் பாரு, அப்படியே எங்க ஆத்தா மாதிரி என்று சொன்னானாம். மற்றவர்கள் கலைந்து போனபோதும் அவன் வெளியே வரவில்லை. அடுத்த தடவை பட்டாளம் அந்தப் பக்கம் போனபோது அவனைச் சுட்டுவிட்டார்கள். இடது உள்ளங்கையை விரித்துத் தழும்பைப் பார்த்து, இவன்தான் என்று சொல்ல உங்களை அழைத்துப் போனார்கள்.

அந்தத் தழும்பை உங்களுக்கு எழுதியதும் நான்தான்.

மாமனார் பேரைச் சொல்ல மாட்டாள் என்று அவள் என்னிடம் சொன்னாள். சிரித்து, அதை உங்களுக்கும் எழுதினேன். உங்கள் பேரைச் சொல்லத் தபாலாபீஸில் ஏட்டைத் தேடின பெண் நான். வேறு எவளுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா. சிவராமகிருஷ்ணன் அந்நிய தேசத்தில் பிறந்தவர், அவரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், நாடாவைக் கேட்டதும் உங்களுக்கு என் குரல் என்று தெரிந்தது, தடுக்கவில்லை என்று. வேண்டாம். உங்களுக்கு என் குரல் தெரிந்தது, சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அவ்வளவுதான்.

ராக்கம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். பாண்டிகசாலை வாசலில் தனியே அழைத்து, பிள்ளை போய்விட்டான் என்று சொன்னேன். அழவில்லை. என் சத்தம் அவனுக்குக் கேட்டுச்சாம்மா என்றாள். கேட்டது என்றேன். கேட்டும் வரலியா என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "நான் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கணும். அந்த ஆபீசர் தலையால அடிச்சுக்கிட்டாரு. மாமனாரு மரியாதை பெருசுன்னு இருந்துட்டேன். எத்தனையோ அய்யா இருப்பானுக, அவனைத்தான்னு எப்படித் தெரியும்."

இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆமாம், வந்துவிட்டேன்.

இங்கே இப்போது கேரள ராஜ்யம் பிறந்துவிட்டது. வெடி போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். ஃபோர்ட் கொச்சி எல்லையும் போயிற்று, இனிமேல் எந்தத் திருடனும் அங்கே நின்று பீடி பிடிக்க முடியாது. தேர்தல் வரப் போகிறதாம். காட்டில் வெங்கிடாசலத்தோடு இருந்தவர்கள் பிடித்த அதே சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கும் வோட்டுக் கேட்டு வந்தார்கள். நாணு ஏட்டு அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீங்கள் வந்து விளக்குங்கள்.

அந்தக் கூட்டம் போன சாயங்காலம் காமாக்ஷியோடு திருமலைக் கோயிலுக்குப் போனேன். பெரிய மணி அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு வெளியே ராக்கம்மாள் நின்று, வெங்கிடாசலம், வெங்கிடாசலம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் சொல்லாத பேர். மற்றவர்கள் சாமியைக் கூப்பிடுகிறாள் என்று வழிவிட்டார்கள், ஒரு கிழவர் கும்பிட்டார். நான் சொன்ன அதே மாதிரிதான் சொன்னாள். நான் அவளைப் போலச் சொன்னேன் என்று நினைத்திருந்தேன், அவள் என்னைப் போலச் சொல்கிறாள் என்று தோன்றியது.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. காமாக்ஷியைக் கோயில் நடையில் உட்காரவைத்துவிட்டு அவளைக் குளத்துப் பக்கம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேர் சொன்னது நான், உன்னைப் போல் சொன்னது நான், அதனால்தான் அவன் நம்பவில்லை என்று. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "எப்படிச் சொன்னீக, எனக்கு ஒருக்கச் சொல்லிக் காட்டுங்க, அவன் கேட்டதை நானும் கேட்டுக்கிடுதேன்" என்றாள். வாயைத் திறந்தேன். ஊரிலுள்ளவர்கள் குரலையெல்லாம் எடுக்கிற எனக்கு அன்றைக்கு என் குரலே வரவில்லை. வேண்டாம் விடுங்க என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப எம்புள்ள என்னை மறக்கலை."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை எப்படி உங்களுக்கு எழுதுவது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் நம் வாசலில் நிற்பதில்லை. வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போகிறாள். கோயிலில் மறுபடியும் ஏழுமலையானே என்றுதான் சொல்கிறாள் என்று ஏட்டு சொன்னார்.

நீங்கள் திரும்பியதும் திருவனந்தபுரத்தில் ஆபீசர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும், தாயாரின் குரலைப் பதிவதற்கு முன் அவள் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள் என்று விசாரிக்க வேண்டும் என்பதையும் ஒரு பாடமாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. இன்னொரு தாயாருக்காவது உபயோகப்படலாம். ஆனால் கரும்பலகையில் அவன் பேரை மட்டும் எழுதாதீர்கள். யாராவது கேட்டால் ராக்கம்மாளின் அய்யா என்று சொல்லுங்கள்.

உங்களுக்குத் தூக்கம் இல்லை என்று நீங்கள் எழுதவில்லை, உங்கள் எழுத்து சொல்கிறது. கப்பலேறுகிற வரைக்கும் அந்தக் காட்டுப் பக்கம் போகாதீர்கள். போகும்படி ஆகிவிட்டால், மரத்துக்கு மேலேயிருந்தோ பின்னாலேயிருந்தோ என் குரலில் யாராவது உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். அது நானில்லை. நான் பேர் சொல்லாமல்தான் கூப்பிடுவேன். இதோ கூப்பிடுகிறேன், கேளுங்கள். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அனந்தலக்ஷ்மி